மருந்துக்காரர் வீட்டில் மிளகு

சிலந்தியைக் கொல்வதற்கு எத்தனை வழி உண்டோ அத்தனையும் மருந்துக்காரருக்கு அத்துபடி. அதை உயிரோடு வைத்துக்கொள்ள ஒரு வழிகூடத் தெரியாது. அப்பேர்ப்பட்டவர் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பக்கத்து மேசையில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிலந்தி மகாராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு, அவர் இந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். வெல்வெட் துணியில் செய்ததுபோலக் கறுப்பு உடம்பு. முதுகில் மூன்று வெள்ளைப் பொட்டு. வாயோரம் இரண்டு பச்சைப் பல், வெளிச்சம் பட்டால் மினுக்கும். வலை பின்னி அதில் விழுவதைத் தின்னும் சோம்பேறி ஜாதி இல்லை இது. பூனை மாதிரி பதுங்கிப் பாய்ந்து பிடிக்கும் தாவுசிலந்தி. மகள் அதற்கு மிளகு என்று பெயர் வைத்திருந்தாள்.

மருந்துக்காரர் என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். நீலச் சீருடையும் முதுகில் தொட்டியுமாக, வீடு வீடாக, கிடங்கு கிடங்காகப் போய்க் கரப்பான், மூட்டைப்பூச்சி, எறும்பு என்று எல்லாவற்றுக்கும் மருந்து அடிக்கிற வேலை. வேலை முடிந்த பிறகும் கண்ணுக்கு ஓய்வு கிடையாது. சொந்தக்காரர் வீட்டில் காபி கொடுத்தால், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்து சோபாவுக்கு அடியில் பார்ப்பார். ஓர் இடத்தில் உட்காரச் சொன்னால் முள்ளின் மேல் உட்காரச் சொன்னது போல நெளிவார்.

"கொஞ்சம் உட்காருங்களேன். உங்களைப் பாத்துப் பாத்து எனக்குக் கால் வலிக்குது" என்பாள் அவர் மனைவி. அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி போர்வை மடிப்பவள். அவளுக்கே வலிக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள் வெளியூரில், ரத்தப் பரிசோதனைக் கூட வேலைக்குப் படிக்கிறாள். விடுதியில் தங்கல். போன வருஷம் இந்தச் சிலந்தியை வாங்கிய அன்று, குழந்தை பிறந்த சந்தோஷத்தோடு அப்பாவுக்குத்தான் முதலில் படம் அனுப்பினாள். அப்பா பதில் போட்டார்: "ஒரே பீச்சு போதும்." பக்கத்தில் சிரிக்கிற பொம்மை நாலு.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. அம்மாவோடு மட்டும் பேசுவாள். பக்கத்தில் இவர் தொண்டையைச் செருமினால் போதும், "சரிம்மா, கிளாஸ் இருக்கு" என்று வைத்துவிடுவாள். ஊருக்கும் வருவதில்லை. வேடிக்கைக்குச் சொன்னதை இப்படி மனசில் வைத்துக்கொள்வாளா என்று முதலில் இவருக்குக் கோபம் வந்தது. அப்புறம் அந்தக் கோபமும் போய், வீட்டில் அவள் அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நெஞ்சில் என்னவோ இடறியது.

இப்படி இருக்கையில் விடுதியில் மூட்டைப்பூச்சி வந்தது. அறை அறையாக மருந்து அடிக்கப் போகிறார்கள். அந்த வாடை அடங்கும்வரை மிளகு அங்கே இருக்க முடியாது. தோழிகளைக் கேட்டுப் பார்த்தாள். சிலந்தி என்ற சொல்லைக் கேட்டதும் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். கடைசியில் அம்மாவுக்குப் போன் வந்தது. வந்ததும், "அப்பாகிட்டக் குடும்மா" என்றாள்.

மருந்துக்காரர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், உண்மையைச் சொல்லுங்க. நம்ம வீட்டுல மருந்து அடிச்சிருக்கீங்களா?"

அடித்திருக்கிறார். மழை ஓய்ந்த சமயத்தில், தொட்டியில் மிச்சமிருந்ததை வைத்து ஒரு சுற்று வந்திருக்கிறார். அது எளிதில் போகிற மருந்தும் அல்ல. சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக் கணக்கில் வேலை செய்யும்.

ஆனால் அடித்தேன் என்று சொன்னால் அவள் வர மாட்டாள். சிலந்தியை இங்கே விடுவதென்றால் கொண்டுவந்து விட ஒரு தடவை வர வேண்டும், திரும்ப எடுத்துப் போக இன்னொரு தடவை வர வேண்டும். இந்தக் கணக்கு அவர் மனசில் ஓடி முடிய ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

"சேச்சே, நம்ம வீட்டுலயா? அடிக்கவே இல்லம்மா" என்றார்.

வந்தாள். மிளகைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டே பேருந்தில் வந்தாளாம். அரை நாள் இருந்தாள். அப்பாவைப் பார்த்துப் பேசினாள் என்று சொல்ல முடியாது, அப்பாவுக்குப் பாடம் எடுத்தாள்.

"காலையில இந்தப் பக்கக் கண்ணாடியில மட்டும் லேசா தண்ணி தெளிக்கணும். அவளே வந்து குடிச்சுப்பா. அவ மேல படக் கூடாது. மேல மூலையில பஞ்சு மாதிரி கட்டியிருக்கா பாருங்க, அதுதான் அவ வீடு. அதைத் தொடவே கூடாது. மூணு நாலு நாளைக்கு ஒரு ஈ. யூனிபார்மோட பெட்டிகிட்ட வரவே கூடாது, குளிச்சிட்டுத்தான் வரணும். கேக்குதா?"

"கேக்குது. இன்னும் வளருமா இது?"

"வளந்து முடிஞ்சிட்டா. இனிமே தோல் உரிக்க மாட்டா. பெரிய மனுஷி."

"அப்ப மரியாதையா அவங்க இவங்கன்னு கூப்பிடணுமா?" என்றார். சிரிப்பாள் என்று பார்த்தார். சிரிக்கவில்லை. மனைவிதான் அடுப்படியில் இருந்து சிரித்தாள்.

சாப்பாட்டுக்காக ஒரு சின்ன டப்பாவும் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே பழுப்பு விதைகள் மாதிரி ஈயின் கூடுகள். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் தூங்கும், வெளியே எடுத்து வைத்தால் ஈயாகப் பறக்கும். முதல் வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மருந்துக்காரர் வேலை முடிந்து வந்ததும் குளித்துவிட்டுப் பெட்டி முன்னால் போய் நிற்பார். அது அவரைப் பார்க்கும். அவர் தலையைச் சாய்த்தால் அதுவும் சாய்க்கும். "என்னடி பாக்குற? உங்க சித்தப்பன் பெரியப்பனையெல்லாம் அனுப்பி வெச்சது நான்தான்" என்று அதனிடம் சொல்லிப் பார்த்தார். சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி இருந்தது.

அப்புறம்தான் வினை வந்தது. மனைவி குளிர்பதனப் பெட்டியைச் சுத்தம் செய்தவள், "இந்தத் திராட்சை எல்லாம் உளுத்துப் போயிருந்துச்சு, கொட்டிட்டேன்" என்றாள்.

"எந்தத் திராட்சை?"

டப்பாவைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். குப்பை வண்டியும் போய்விட்டது.

"பெத்த பொண்ணு ஈயைக் கொண்டாந்து பால் பாக்கெட் பக்கத்துல வெப்பான்னு நான் கனவா கண்டேன்?" என்றாள் மனைவி. அதுவும் நியாயம்தான்.

அன்றிலிருந்து மருந்துக்காரர் ஈ தேட ஆரம்பித்தார். பகலெல்லாம் ஈயை ஒழித்துவிட்டு மாலையில் ஒரு ஈக்காக அலைந்தார். மீன் சந்தையில் ஈ கொட்டிக் கிடந்தது. கைகூட நீட்டினார். நீட்டின கை அப்படியே நின்றது. அந்தச் சந்தைக்கு வாராவாரம் புகை அடிப்பதே இவர்தான். பழக்கடைக்குப் போனார், அங்கேயும் இவர் கம்பெனி ஒட்டின சீட்டுத்தான் சுவரில் இருந்தது. தான் மருந்து அடிக்காத இடம் என்று ஊரில் ஒரு மூலை மிச்சம் வைக்கவில்லையே என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை மகள் போனில் கேட்டாள்: "சாப்பிட்டாளாம்மா?" அம்மா, "ம், ம்" என்று பொதுவாக இழுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள். மிளகின் வயிறு ஒட்டிப்போனதுபோல மருந்துக்காரருக்குத் தோன்றியது. உண்மையில் வளர்ந்த தாவுசிலந்தி ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. அது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவருடைய பரபரப்புக்கு அது போதுமானதாக இருந்திருக்காது.

சனிக்கிழமை காலை மனைவி முதல் ஷிப்டுக்குப் போய்விட்டாள். இவர் சீருடை போட்டு, பூட்ஸ் கயிற்றைக் கட்டி, வண்டிக்காகக் காத்திருந்தார். அப்போது குளியலறையில் ரீங்காரம் கேட்டது. எட்டிப் பார்த்தால், ஜன்னல் சட்டத்தின் மேல் கொழுத்த ஈ ஒன்று.

கண்ணாடி டம்ளரை எடுத்துப் போய் ஒரே கவிழ்ப்பில் பிடித்தார். அடியில் அட்டையைச் சொருகினார். இத்தனை வருஷ வேலையில் ஒரு பூச்சியைப் பிடித்ததற்காக இப்படி ஒரு பெருமை அவருக்கு வந்ததில்லை. கீழே வண்டி வந்து ஹாரன் அடித்தது. அந்த அவசரத்தில், போட்டிருந்தது சீருடை என்பதே நினைவில்லாமல் பெட்டிக் கதவைத் தள்ளி, ஈயை உள்ளே விட்டு, மூடினார்.

ஈ பறக்கவில்லை. மல்லாந்து விழுந்தது. முதுகைத் தரையில் வைத்து, சக்கரம் மாதிரி சுற்றிச் சுற்றி ரீங்கரித்தது.

ஈ எதற்கு இப்படிச் சுற்றும் என்று மருந்துக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குளியலறை ஜன்னல் சட்டம். மழை ஓய்ந்த சமயம் அந்தச் சட்டத்தின் நாலு பக்கமும் தூரிகையால் தடவியது இந்தக் கைதான்.

மேல் மூலையில் பஞ்சுக் கூட்டின் வாய் விரிந்தது. இரண்டு பெரிய கண்கள் எட்டிப் பார்த்தன. அசைகிற எதுவும் அதற்கு விருந்து. இதுவோ சுற்றிச் சுற்றி ஆட்டம் போடுகிற விருந்து. மிளகு வெளியே வந்தது. ஓர் அடி வைத்தது, நின்றது. இன்னோர் அடி. வயிற்றைத் தாழ்த்தியது. பின்னங்கால்களை மடக்கியது.

"வேணாம், வேணாம், வேணாம்" என்று கண்ணாடியைத் தட்டினார். அது திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி ஈயைப் பார்த்தது.

கதவைத் தள்ளி அட்டையை உள்ளே நீட்டி ஈயை ஒரு தள்ளு தள்ளினார். ஈ வெளியே விழுந்தது. அதைப் பூட்ஸ் காலால் அப்பால் ஒதுக்கினார். அதே நொடியில் மிளகு பாய்ந்தது. ஈயின் மேல் அல்ல. திறந்திருந்த கதவு வழியாக அவர் மேல்.

சட்டைப் பையின் மேல் உட்கார்ந்தது. அந்தப் பையில் கம்பெனியின் சின்னம் தைத்திருக்கும்: ஒரு கரப்பான், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. சரியாக அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் கால்களைப் பரப்பி உட்கார்ந்துகொண்டு, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தது.

அந்தச் சட்டையில் எத்தனை தடவை தெறித்திருக்கும், எத்தனை மருந்து ஊறியிருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். தட்டிவிடவும் முடியாது, தொடவும் முடியாது. கை இரண்டையும் தூக்கிக்கொண்டு, போலீஸ் பிடித்த திருடன் மாதிரி நின்றார். மூச்சுகூட விடவில்லை. அது முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஆட்டியது. தாவியது. சோபாவின் முதுகில் பட்டது, அங்கிருந்து எங்கேயோ போனது. கண் சிமிட்டுகிற நேரத்தில் ஆளைக் காணோம்.

மருந்துக்காரர் சட்டையைக் கழற்றினார், பூட்ஸ், பேன்ட் எல்லாவற்றையும் கழற்றிப் பால்கனியில் வீசினார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். டார்ச்சை எடுத்தார். வெறும் அரைக்கால் சட்டையோடு தரையில் படுத்து அலமாரிக்கு அடியில் பார்த்தார், சோபாவுக்கு அடியில் பார்த்தார், சுவரோரம் தவழ்ந்தார். ஒவ்வொரு இடத்திலும் டார்ச் வெளிச்சம் விழும்போது, இங்கே அடித்தோமே, இங்கேயும் அடித்தோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஹாரன் அடித்துப் பார்த்து அலுத்துப்போன வண்டி ஓட்டுநர் மாடி ஏறி வந்துவிட்டான். திறந்திருந்த கதவுக்குள் எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே இது, யோகாசனமா?"

"உள்ள வராதே! காலைப் பாத்து வை! அங்கயே நில்லு!"

"நிக்கவா, வரவா? ஒண்ணு சொல்லுங்க. அண்ணி எங்க? அண்ணி இல்லாத நேரத்துல இந்தக் கோலத்துல..."

"வாயை மூடு. சிலந்தி தப்பிச்சிருச்சு."

ஓட்டுநர் ஒரு கணம் அவரைப் பார்த்தான். அப்புறம் சிரித்த சிரிப்பில் கதவைப் பிடித்துக்கொண்டான். "சிலந்தி தப்பிச்சா நாமதானண்ணே வரணும்? நாம வந்துட்டோமே!"

"மகளோடது" என்றார். சிரிப்பு நின்றது. இந்தக் குடும்பத்துச் சங்கதி வண்டியில் வரும்போதும் போகும்போதும் கேட்டு அவனுக்குத் தெரியும். "சரி, விடுங்க. கண்டுபிடிச்சிரலாம்" என்று காலைப் பார்த்து வைத்து உள்ளே வந்து, நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தவன், "அதோ ஒண்ணு!" என்றான். சொல்லும்போதே, பழக்கத்தில், இடுப்பில் மாட்டியிருந்த தெளிப்பான் கைக்கு வந்து விரல் குமிழில் இருந்தது.

மருந்துக்காரர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. ஓட்டுநர் தெளிப்பானைத் தீயைத் தொட்டவன் மாதிரி கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் அடிக்கலண்ணே. கை தானா போயிருச்சு. சத்தியமா."

"தெரியும்" என்றார் மருந்துக்காரர். தானா போகிற கையைப் பற்றி அவருக்குத் தெரியாதா என்ன.

ஜன்னல் திரையின் உச்சியில், கம்பிக்குக் கீழே, மிளகு உட்கார்ந்திருந்தது. அவர் இவ்வளவு நேரம் கரப்பானைத் தேடுவதுபோல இருட்டில், இடுக்கில், தரையில் தேடியிருக்கிறார். இதுவோ வெளிச்சத்தையும் உயரத்தையும் தேடிப் போகிற ஜாதி.

வயிறு சரியில்லை என்று மேற்பார்வையாளரிடம் சொல்லச் சொல்லி ஓட்டுநரை அனுப்பினார். ஸ்டூல் போட்டு ஏறி, டம்ளரை எடுத்துக்கொண்டு மெல்லக் கிட்டே போனார். டம்ளரின் நிழல் பட்டதும் மிளகு எகிறிக் குதித்தது. குதித்தது நேராகத் தரைக்கு. சுவரும் தரையும் சேர்கிற அந்த விளிம்பு முழுக்க மருந்து ஓடிய இடம். தரைக்கு ஒரு சாண் மேலே அது நின்றது. பின்னால் ஒரு நூலை விட்டுக்கொண்டே குதித்திருக்கிறது. அந்த நூலில் தொங்கி, ஆடி, அப்புறம் கைமாற்றிக் கைமாற்றி நூலைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறியது.

இனி அதைப் பிடிக்க முயலக் கூடாது என்று அப்போது முடிவு செய்தார். அது கீழே வந்தாலும் சாகக் கூடாது. அதற்கு ஒரே வழிதான் இருக்கிறது.

வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்தார். மண்டியிட்டுச் சுவரோரத்திலிருந்து ஆரம்பித்தார். தேய்த்தார், துடைத்தார், தண்ணீர் மாற்றினார், மறுபடி தேய்த்தார். வாசற்படி. பாத்திரம் கழுவும் தொட்டியின் அடிப்புறம். அலமாரியின் பின்புறம். கட்டில் கால்கள். குளியலறை ஜன்னல் சட்டம். எங்கெங்கே அடித்தோம் என்று கைக்கு நன்றாக நினைவிருந்தது. அடிக்கவே இல்லம்மா என்று சொன்ன வீட்டில் இத்தனை இடம். நடுநடுவே எழுந்து ஓடி வந்து அண்ணாந்து பார்ப்பார். இருக்கிறது. மறுபடி போய்த் தேய்ப்பார். நாலு தேய்ப்புக்கு ஒரு தடவை ஓடி வந்தார். குட்டி போட்ட பூனைகூட இப்படி அலையாது.

மதியம் மனைவி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுவிட்டாள்.

"யாருங்க நீங்க? இங்க என் வீட்டுக்காரர் ஒருத்தர் இருந்தாரே, துடைப்பம்னா என்னன்னே தெரியாதவரு?"

அவர் சிரிக்கவில்லை. ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே நடந்ததைச் சொன்னார். ஈ, சட்டை, திரை, நூல். ஜன்னல் சட்டத்தையும் சொன்னார்.

அவள் பையை மெல்லக் கீழே வைத்தாள். "அடிக்கலன்னு சொன்னீங்களே அவகிட்ட."

"சொன்னேன்."

"என் காதுபடத்தானே சொன்னீங்க. பொய்னு தெரிஞ்சும் நானும் சரின்னு இருந்தேன்." அண்ணாந்து திரையைப் பார்த்தாள். "இப்ப அது நல்லா இருக்கா, இல்லையா?"

"தெரியல. சட்டையில இருந்தது கொஞ்ச நேரந்தான். ஆனா அந்த மருந்து சிலந்திக்கு மெதுவா ஏறும். காலு நடுங்கும். புடிமானம் போகும். அப்புறம் விழும்."

"போன் போட்டுச் சொல்லுங்க."

"நாளைக்குத்தான் வர்றாளே. அதுக்குள்ள எதாவது ஆச்சுன்னா சொல்லிரலாம்."

"அது செத்தா சொல்லுவீங்க. பிழைச்சா சொல்ல மாட்டீங்க. அதானே?"

மருந்துக்காரர் வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். மனைவி சாப்பாடு போட்டு வைத்தாள். நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டார். பால்கனிக்குப் போனார், வந்தார். மகள் அறைக்குள் போய் அங்கேயும் சுவரோரம் தேய்த்தார். அங்கே அவர் அடித்திருக்கவில்லை. அவளுடைய அறையில் மட்டும் அடிக்கவில்லை. ஆனாலும் தேய்த்தார்.

வெயில் சாய்ந்து ஜன்னல் வெளிச்சம் மஞ்சளானபோது, ஸ்டூலில் ஏறி மறுபடி பார்த்தார். மிளகு ஒரு முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கால் லேசாக ஆடியது. இல்லை, திரை ஆடுகிறதா? காற்று இல்லை. ஸ்டூலில் நின்றபடியே, "அந்தப் போனை எடு" என்றார்.

மனைவி எண்ணை அழுத்தி நீட்டினாள்.

"என்னம்மா?" என்றாள் மகள்.

"அம்மா இல்ல, நான். வெச்சிராதே." செருமிக்கொண்டார். "மிளகு வெளிய வந்துட்டா. என் யூனிபார்ம் மேல உக்காந்துட்டா. இப்ப ஜன்னல் திரையில இருக்கா. அதோட, நம்ம வீட்டுல நான் மருந்து அடிச்சிருக்கேன். மழைக்கு அப்புறம். உன்கிட்டச் சொன்னது பொய்."

அந்தப் பக்கம் விடுதித் தாழ்வாரத்தில் யாரோ வாளியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"சட்டையில எவ்வளவு நேரம்?" குரல் தட்டையாக இருந்தது.

"மூச்சை அடக்கிட்டு நின்னேன். அவ்வளவு நேரந்தான். காலையில."

"காலையிலயா? இப்பத்தான் சொல்றீங்க?"

"இப்பத்தான் சொல்றேன்."

"ஏம்பா பொய் சொன்னீங்க?"

"அடிச்சேன்னு சொன்னா நீ வர மாட்டே. இங்க விட்டுட்டுப் போனா எடுக்கவாவது திரும்பி வருவியே."

"அதுக்கு வான்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வந்திருப்பியா?"

"வந்திருக்க மாட்டேன்" என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. அம்மா பிள்ளை.

கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா, "ரெண்டு பேரும் அப்புறமா சண்டை போட்டுக்கங்க. முதல்ல அந்தச் சீவனைப் பாருங்க" என்றாள்.

"வீடியோ போடுங்க" என்றாள் மகள்.

மருந்துக்காரர் போனைத் திரைக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடித்தார். படத்தில் அவள் முகம் கிட்டே வந்தது. கண் மட்டும் தெரிந்தது. அழுதிருக்கிறாளா என்று பார்க்க முயன்றார்.

"காலு நடுங்குதே" என்றாள். குரல் உடைந்தது. உடனே, "அசையாம பிடிங்கப்பா. உங்க கை நடுங்குறதுல எது எதுன்னே தெரியல."

அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தார். சுவரில் முழங்கையை ஊன்றினார். எங்கும் நிற்காத மனுஷன் நின்றார். தோள் கடுத்தது. மூக்கு நுனியில் வேர்வை இறங்கியது. துடைக்கவில்லை.

"பஞ்சை நனைச்சு நுனியில ஒரு சொட்டுத் தண்ணி வெச்சு, அவளுக்கு முன்னால நீட்டுங்க. கையைக் கழுவினீங்களா?"

"தோல் உரியற அளவுக்குக் கழுவியிருக்கேன்."

மனைவி காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்துக் கொடுத்தாள். அதை நீட்டினார். மிளகு திரும்பியது. சொட்டைப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. அப்புறம் இரண்டு அடி வைத்து வந்து, முகத்தைத் தண்ணீரில் புதைத்தது. வாயோரத்தில் மயிர் அடர்ந்த குட்டிக் கைகள் இரண்டும் மேலும் கீழும் அசைந்தன.

"குடிக்கிறா" என்றாள் மகள். கிசுகிசுவென்று சொன்னாள்.

குடித்து முடித்ததும் அது பின்வாங்கித் திரையின் மடிப்புக்குள் போனது. வயிற்றின் நுனியை இந்தப் பக்கம் ஒட்டியது, அந்தப் பக்கம் ஒட்டியது. மறுபடி இந்தப் பக்கம். மடிப்பின் இரண்டு ஓரத்துக்கும் நடுவே வெள்ளையாக ஏதோ படர ஆரம்பித்தது.

மருந்துக்காரர் போனை இன்னும் கிட்டே கொண்டுபோனார். இழைகள் ஒன்றின் மேல் ஒன்று, இடைவெளி இல்லாமல், சீராக விழுந்தன.

"கூடு கட்டுறாம்மா" என்றார். "மருந்து ஏறினது இப்படிக் கட்டாது. நான் பாத்திருக்கேன். இழை கோணிக்கிட்டுப் போகும், பாதியில விட்டுரும். இது நேரா கட்டுது. மருந்து ஏறல."

"நிஜமாவா?" என்றாள். "எனக்காகச் சொல்லலியே?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. உனக்காகச் சொல்லல. வேலையில பாத்ததைச் சொல்றேன்."

படத்தில் அவள் கண்கள் கூட்டிலிருந்து நகர்ந்து நேராகக் கேமராவுக்கு வந்தன. போனுக்குள்ளிருந்து அவரையே பார்ப்பதுபோல இருந்தது. அவரும் பார்த்தார். தலையைச் சாய்க்காமல், கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

"சரி" என்றாள்.

போனில் மின்சாரம் குறைகிறது என்று எச்சரிக்கை வந்தது. "வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வைக்காதீங்க. கட்டி முடிக்கிற வரைக்கும் பாக்கணும்."

மனைவி சார்ஜரைத் தேடிக் கொண்டுவந்தாள். வயர் எட்டவில்லை. நீட்டிப்பு வயரைச் சொருகி, அதுவும் எட்டாமல், நாற்காலி போட்டு அவளும் ஏறி, ஒரு கையில் வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆடாம நில்லுங்க" என்றாள். "நானும் விழுந்துருவேன்."